கிரைம் நாவல் பத்தி என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விங்க

எனக்கு வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை பாண்டில ஒரு ஆஸ்பத்திரியோட மருந்தகத்துல, பார்மசிஸ்ட். டெய்லி போக ஒரு மணி நேரம் வர ஒரு மணி நேரம், ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம்னு நின்னு நின்னு போற பஸ்ல ஜன்னல் சீட்டு கெடச்சா புக்கு, கெடைக்கலன்னா கம்பியப் புடிச்சு நின்னுக்கிட்டே போன்ல கிண்டில். பதினஞ்சு வருஷமா இதேதான், படிக்கிறது பாதிக்கு மேல கொலைக்கதைதான். கூட வர்ற டீச்சருங்க, எங்க ஆஸ்பத்திரி நர்ஸ் பொண்ணுங்க, தெருவுல இருக்கறவங்க, சொந்தக்காரங்கன்னு எல்லாரும் திரும்பத் திரும்ப கேக்குறது ஒரே கேள்விங்கதான், அதனால மொத்தமா எழுதி வெச்சுடலாம்னு உக்காந்தேன். கொலைகாரன் யாருன்னு எங்கயும் சொல்லல, தைரியமா படிங்க.

அக்கா, ஒரே ஒரு புக்கு சொல்லுங்க, இப்ப வந்ததா இருக்கணும்.

லிஸ் மூர் எழுதுன 'தி காட் ஆஃப் தி வுட்ஸ்', 2024ல வந்தது. அமெரிக்கால நியூயார்க் மாநிலத்துல அடிரான்டாக்னு ஒரு மலைக்காடு, வருஷம் 1975, ஆகஸ்ட் மாசம், வசதியான வீட்டுப் பசங்க லீவுக்கு வந்து தங்குற கேம்ப். ஒருநாள் காலைல பாத்தா பார்பரான்னு 13 வயசுப் பொண்ணோட படுக்கை காலியா கெடக்கு. கேம்ப் இருக்கற நிலமே அவ குடும்பத்தோடதுதான். அது மட்டும் இல்ல, அவ பொறக்குறதுக்கு முன்னாடியே அவளோட அண்ணன் ஒருத்தன் அதே காட்டுல காணாமப் போயிருக்கான், சின்னப் பையன், இன்னி வரைக்கும் கெடைக்கல.

இத ஏன் மொதல்ல சொல்றேன்னா, பொண்ணு எங்கன்னு தேடுறது ஒரு பக்கம் இருக்க, மலை மேல பெரிய வீட்டுல இருக்கறவங்களையும் கீழ ஊர்ல இருந்து வந்து அங்க சமைச்சு, துணி தொவச்சு, தோட்டம் பாத்துப் பொழைக்கிறவங்களையும் எழுதிருக்கற விதம். ஏதாவது ஆச்சுன்னா மொத சந்தேகம் யார் மேல விழுது, யார் வீட்டுக் கதவை மரியாதையா தட்டுறாங்க, யார் வீட்டுக்குள்ள நேரா நொழையுறாங்க, இது எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்னு படிக்கறப்ப தெரியும். ஜூடின்னு சின்ன வயசு விசாரணை அதிகாரி வர்றா, பூரா ஆம்பளைங்களா இருக்கற வேலைக்குப் புதுசா வந்த பொண்ணு, அவ ஒரு ரூம்ல நொழைஞ்சா எங்க நிக்கணும் எங்க உக்காரணும்னு யோசிக்கிறது கூட அப்படியே இருக்கு. கிட்டத்தட்ட 500 பக்கம். எனக்கு ஒம்போது நாள் பஸ் ஆச்சு, கடைசி நாள் பஸ் ஸ்டாண்டுல எறங்கியும் போகாம பிளாட்பாரம் பெஞ்சுல உக்காந்து முடிச்சுட்டுதான் டூட்டிக்குப் போனேன்.

நல்ல கிரைம் நாவல்னு எத வெச்சு சொல்றீங்க?

செத்துப்போனவங்க யாருன்னு அந்த நாவலுக்கு ஞாபகம் இருக்கான்னு பாப்பேன். அவ்ளோதான். மத்ததெல்லாம் அப்புறம்.

நெறைய நாவல்ல மொத அத்தியாயத்துல ஒரு பாடி விழும், அதுக்கப்புறம் அந்த ஆளப் பத்தி யாருக்கும் கவலை இருக்காது, துப்பறியறவரோட காபி, கார், காதல், விவாகரத்து இதெல்லாம் 200 பக்கம் ஓடும், கடைசில கொலைகாரன் ஒரு பத்துப் பக்கம் லெக்சர் குடுப்பான். செத்தவங்களுக்கு புடிச்ச சாப்பாடு என்ன, யாருக்கு கடன் குடுத்தாங்க, யாருக்கு போன் பண்ணி எடுக்காம போச்சு, ஒண்ணும் இருக்காது. அந்த மாதிரி புக்க நான் பாதில வெச்சுடுவேன்.

இது எனக்கு எப்படி வந்துச்சுன்னும் சொல்லிடறேன். எங்க அப்பா காலைல பேப்பர் படிச்சதும் உள்பக்கத்த எனக்குக் குடுப்பார், அதுல மாவட்டச் செய்தில சின்னப் பெட்டிக்குள்ள நாலு வரி வரும், இன்னார் மனைவி, வயசு 23, தீராத வயித்து வலியால அவதிப்பட்டு வந்தார், அப்படின்னு ஆரம்பிக்கும். கல்யாணம் ஆகி மூணு வருஷம், நாலு வருஷம்னு இருக்கும். எட்டாவது படிக்கறப்ப நான் அப்பாகிட்ட கேட்டேன், ஏம்ப்பா இந்தப் பொண்ணுங்களுக்கு மட்டும் இவ்ளோ வயித்து வலி வருதுன்னு. அவர் பதில் சொல்லாம பேப்பர மடிச்சு வெச்சுட்டார். அந்த நாலு வரிக்குள்ள ஒரு நாவல் இருக்குன்னு அப்ப தோணுனது இன்னும் போகல. இப்ப மருந்துக்கடைல நிக்கறவளா சொல்றேன், தீராத வயித்து வலின்னா எங்கயாவது மருந்துச் சீட்டு இருக்கணும், ஸ்கேன் இருக்கணும், கடைல வாங்குன பில்லாவது இருக்கணும். அத தேடிப் போற ஒருத்தர எழுதுனா போதும், அதுதான் நம்ம ஊரு துப்பறியும் கதை.

அதுக்கு ஹீரோவும் நம்மகிட்டயே இருக்கார். கல்யாணம் ஆகி 7 வருஷத்துக்குள்ள ஒரு பொண்ணு சந்தேகமா செத்தா போலீஸ் மட்டும் பாத்தா பத்தாது, நிர்வாக மாஜிஸ்திரேட் விசாரிக்கணும்னு சட்டம், நாம பேப்பர்ல 'ஆர்.டி.ஓ. விசாரணை'ன்னு படிக்கிறது இதத்தான், ஆர்.டி.ஓ.ன்னா இங்க வருவாய் கோட்டாட்சியர். பட்டா, சிட்டா, மணல் லாரின்னு ஆயிரம் வேலைக்கு நடுவுல ஒரு ஆர்.டி.ஓ. அந்த வீட்டுக்குப் போய் பொண்ணோட அம்மாவ உக்கார வெச்சுக் கேக்கறார் பாருங்க, அந்த ஒரு சீன எழுத எந்த வெளிநாட்டு நாவலாலயும் முடியாது.

ட்விஸ்ட் இல்லாத நாவல் போர் அடிக்காதா?

ட்விஸ்ட் எனக்கும் புடிக்கும்பா. ஆனா 2012ல கில்லியன் ஃபிளின்னோட 'கான் கேர்ள்' வந்து உலகம் பூரா ஓடுனதுக்கப்புறம் எல்லா அட்டைலயும் 'கடைசிப் பக்கம் உங்கள அதிர வைக்கும்'னு போட ஆரம்பிச்சுட்டாங்க, அதுல வந்த கஷ்டம்தான் இது. அதிர்ச்சி வரப்போகுதுன்னு முன்கூட்டியே சொல்லிட்டா நாம கதைய படிக்க மாட்டோம், காவல் காப்போம்.

2019ல வந்த 'தி சைலன்ட் பேஷன்ட்' எல்லாரும் படிச்சிருப்பீங்க, அலெக்ஸ் மைக்கலிடிஸ் எழுதுனது, புருஷன சுட்டுட்டு அதுக்கப்புறம் ஒரு வார்த்த கூட பேசாத ஓவியர், அவள பேச வைக்க வர்ற மனநல சிகிச்சையாளர். ஒரே மூச்சுல படிச்சேன், திருப்பம் வந்த எடத்துல நிஜமாவே புக்க மடில வெச்சுட்டேன். ஆனா ரெண்டு வாரம் கழிச்சு யோசிச்சா, செத்துப்போன அந்தப் புருஷன் எப்படிப்பட்ட ஆளுன்னு எனக்கு ஒண்ணுமே நெஞ்சுல நிக்கல. ரெண்டாவது தடவ படிக்கவும் தோணல.

இதே அகதா கிறிஸ்டி 1926ல எழுதுன 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' எடுத்துக்குங்க, வந்து நூறு வருஷம் ஆகுது, முடிவு தெரிஞ்சும் நான் மூணு தடவ படிச்சிருக்கேன், ஏன்னா ரெண்டாவது தடவ படிக்கறப்பதான் ஒவ்வொரு வரியும் எவ்ளோ நேர்மையா வெச்சிருக்காங்கன்னு தெரியுது. எதையும் மறைக்கல, நம்மதான் சரியா பாக்கல. திருப்பம்னா அப்படி இருக்கணும், நம்மள ஏமாத்துனதுக்கப்புறமும் அவங்க மேல கோவம் வரக்கூடாது.

ஜப்பான் நாவலா படிச்சுத் தள்றீங்களே, அப்படி என்ன இருக்கு அதுல?

எல்லாரும் கெய்கோ ஹிகாஷினோல இருந்துதான் ஆரம்பிப்பாங்க, நானும் அப்படித்தான். 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்', ஜப்பான்ல 2005, இங்கிலீஷ்ல 2011. யாரு கொன்னா, ஏன் கொன்னா எல்லாம் ஆரம்பத்துலயே நம்ம கண்ணு முன்னாடி நடந்துடுது. சாப்பாட்டு டப்பா விக்கற கடைல வேல செய்யற ஒரு அம்மா, அவளோட பொண்ணு, பக்கத்து வீட்டுல தனியா இருக்கற கணக்கு வாத்தியார். அந்த வாத்தியார் இவங்கள காப்பாத்த என்ன பண்ணார்ங்கறதுதான் கதை. படிச்சு முடிச்சதும் எனக்கு மூள வேல செஞ்ச சந்தோஷம் வரல, அழுகைதான் வந்துச்சு.

அத விட ஒரு படி மேல வெக்கிறது அவரோட 'மாலிஸ்'. ஒரு எழுத்தாளர் கொலை, யாருன்னு சீக்கிரமே தெரிஞ்சுடும், ஆனா ஏன்ங்கற கேள்விக்கு பதில் மாறிக்கிட்டே இருக்கும், ஒருத்தரப் பத்தி இன்னொருத்தர் சொல்றத எவ்ளோ ஈசியா நம்பிடறோம்னு பயமா இருக்கும். செத்தவங்களப் பத்தி என்ன வேணா எழுதலாம், அவங்க வந்து மறுக்க முடியாதுல்ல. நான் மேல சொன்னேன்ல செத்தவங்கள மறக்கக் கூடாதுன்னு, அத இந்த நாவல் அளவுக்கு யாரும் எனக்குக் காட்டல.

பழசு வேணும்னா செய்ச்சோ மட்சுமோட்டோ. 1958ல புக்கா வந்த நாவல், 2022ல 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்'னு புது இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வந்துச்சு. டோக்கியோ ஸ்டேஷன்ல 13வது பிளாட்பாரத்துல நின்னா 15வது பிளாட்பாரம் தெரியாது, நடுவுல எப்பவும் ரயில் நிக்கும், ஆனா சாயந்தரம் ஒரு 4 நிமிஷம் மட்டும் மறைக்க எதுவும் இருக்காது. அந்த 4 நிமிஷத்துல ஒருத்தர் எதையோ பாத்தார்ங்கறதுல இருந்து கேஸு ஆரம்பிக்குது. 160 பக்கம் போலத்தான், பூரா ரயில் டைம்டேபிள்தான், ஆனாலும் கீழ வெக்க முடியாது. நம்ம பாண்டி-கடலூர் பஸ்ல இந்த மாதிரி ஒரு கதை வைக்கவே முடியாது, ஒண்ணு போனா பின்னாடியே ரெண்டு வரும், எந்த பஸ்ல வந்தான்னு எந்தக் கண்டக்டரும் சாட்சி சொல்ல மாட்டார். அதுவே வேற மாதிரி ஒரு கதைக்கு நல்ல ஆரம்பம்னு தோணும்.

பூட்டுன வீட்டுக்குள்ள கொலை, தீவுல மாட்டிக்கிட்ட பசங்க மாதிரி புதிர் வகை புடிக்கும்னா யுகிட்டோ அயட்சுஜியோட 'தி டெக்ககன் ஹவுஸ் மர்டர்ஸ்', 1987ல வந்தது. புதிர் சூப்பர். மனுஷங்க கொஞ்சம் அட்டப் பொம்மதான்.

ரிச்சர்ட் ஆஸ்மான் நாவல் எல்லாம் சும்மா டைம்பாஸ் தானே மேடம்?

இல்ல. இதுக்கு நான் சண்டையே போடுவேன்.

'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' 2020ல வந்துச்சு, முதியோர் குடியிருப்புல இருக்கற நாலு பேரு, எலிசபெத், ஜாய்ஸ், இப்ராஹிம், ரான், வியாழக்கிழமையானா ஒண்ணு கூடி பழைய, தீராத கேஸு ஃபைல்களப் பாக்கறாங்க. லேசா இருக்கும், சிரிப்பு வரும், நெசம்தான். ஆனா எலிசபெத்தோட வீட்டுக்காரர் ஸ்டீபனுக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமா போய்க்கிட்டு இருக்கும், அந்தம்மா அத வெளிய காட்டாம வீட்டுக்குள்ள எப்படி சமாளிக்கிறாங்கன்னு புக்குக்கு புக்கு வரும். எங்க மாமனாருக்கு அதே வியாதி நாலு வருஷம் இருந்துச்சு. தெனம் சாயந்தரம் சட்டைய மாட்டிக்கிட்டு 'ஆபீஸுக்கு நேரமாச்சு'ன்னு வாசல்ல நிப்பார், அத்தை 'இன்னிக்கு லீவுங்க'ன்னு சொல்லி பட்டன கழட்டுவாங்க, தெனமும், ஒரு நாள் கூட குரல் ஒசத்தாம. 2023ல வந்த நாலாவது புக்கு 'தி லாஸ்ட் டெவில் டு டை' படிக்கறப்ப எனக்கு அத்தையோட கைதான் தெரிஞ்சுது. அந்தப் புக்க டைம்பாஸ்னு சொன்னா எப்படி?

இத மட்டும் வரிசையா படிங்க, நடுவுல இருந்து தொடங்காதீங்க. ஹிகாஷினோ எல்லாம் எங்க இருந்து வேணா ஆரம்பிக்கலாம்.

ரத்தம், கொடூரம் ஜாஸ்தியா இருக்கறது படிப்பீங்களா?

காரணம் இருந்தா படிப்பேன். எஸ்.ஏ. காஸ்பியோட 'ஆல் தி சின்னர்ஸ் பிளீட்', 2023, ரொம்ப கஷ்டமான நாவல், ராத்திரி படிக்காதீங்க. அமெரிக்கால வர்ஜீனியால ஒரு சின்ன கவுண்டி, நம்ம மாவட்டம் மாதிரி, அங்க மொத கறுப்பின ஷெரிஃபா, அதாவது போலீஸ் தலைவரா, ஜெயிச்ச டைட்டஸ் கிரவுன். ஸ்கூல்ல ஒரு வாத்தியார சுடறாங்க, அதத் தோண்டப் போனா காணாமப் போன கறுப்பினப் பிள்ளைங்க, இத்தன நாள் யாரும் ஒழுங்கா தேடாத பிள்ளைங்க. எழுத்து கரடுமுரடு, சில எடத்துல உபமானம் கூடிப் போகுது, ஆனா அந்த ஷெரிஃபுக்கு ஒவ்வொரு பிள்ளையும் முக்கியம். அதனால கொடூரம் கண்காட்சியா தெரியல.

நெசமா நடந்த கொலைகள வெச்சு வர்ற வீடியோ, ஆடியோ எல்லாம் நான் கேக்கறதில்ல. அந்தப் பொண்ணோட அம்மா இன்னும் உசுரோட எங்கயோ ஒரு தெருவுல இருப்பாங்க, அவங்களக் கேக்காம அவங்க பொண்ணு கதைய பேக்ரவுண்ட் மியூசிக் போட்டு சொல்றது எனக்கு ஒத்து வரல.

விஷம் வெச்சு கொல்ற கதை எல்லாம் படிக்கறப்ப பார்மசிஸ்டா உங்களுக்கு என்ன தோணும்?

முக்காவாசி நேரம் கோவம் வரும். வில்லன் நேரா மெடிக்கல் ஷாப்புக்குப் போய் ஒரு பாட்டில் தூக்க மாத்திரை வாங்குவான், பாலுல கலப்பான், அடுத்த சீன்ல பாடி. எந்தக் கடைய்யா அது?

நான் பாக்கறது என்னன்னு சொல்றேன். அல்பிரசோலம், டயசிபாம், டிரமடால் மாதிரி மருந்தெல்லாம் ஷெட்யூல் எச்-1ங்கற கட்டுப்பாட்டுப் பட்டியல்ல வரும், 2014 மார்ச்ல இருந்து இது நடைமுறை. டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக் கூடாது, குடுத்தா தனி ரிஜிஸ்டர்ல எழுதணும், டாக்டர் பேரு, அட்ரஸ், நோயாளி பேரு, மருந்து, எத்தனை. அந்த ரிஜிஸ்டர 3 வருஷம் பத்திரமா வெச்சிருக்கணும், டிரக் இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா எடுத்துக் காட்டணும். நான் வேலைக்கு சேந்த மொத வேலை பழைய ரிஜிஸ்டர அடுக்குனதுதான். நீலக் கோடு போட்ட நீள நோட்டு, காலைல எழுதுனது நேரா இருக்கும், கூட்டம் ஜாஸ்தியாகற பதினோரு மணிக்கு மேல எழுத்து சாய ஆரம்பிக்கும், ராத்திரி ஷிப்ட்டு ஆளுக்கு பச்சை இங்க் பேனா. ஒரே பேரு 30 நாளைக்கு ஒரு தடவ வந்துக்கிட்டு இருக்கும், திடீர்னு 12வது நாளே வந்திருக்கும். அந்த ஒரு வரியப் பாத்தாலே எனக்கு பகீர்னு ஆகும், இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு, மாத்திரை தொலஞ்சு போச்சா, வேற யாராவது எடுத்தாங்களா, இவங்களே ஜாஸ்தி போட்டுக்கறாங்களான்னு. கவுன்ட்டர்ல மெதுவா கேட்டுப் பாப்போம், டாக்டருக்கு போன் பண்ணுவோம். ஒரு துப்பறியற நாவலுக்கு இத விட நல்ல தடயம் என்ன இருக்கு, ஆனா தமிழ்ல ஒரு நாவல்ல கூட அந்த நோட்ட நான் பாக்கல.

கிறிஸ்டிக்கு இதெல்லாம் கைல இருந்த விஷயம். மொத உலகப் போர் நேரத்துல ஆஸ்பத்திரில நர்ஸா இருந்து அப்புறம் மருந்தகத்துல வேலை பாத்தவங்க, அதுக்கு பரீட்சையும் எழுதுனவங்க, 1920ல வந்த அவங்க மொத நாவல் 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்'லயே விஷம்தான், மருந்தாளுநருங்க நடத்துற பத்திரிகையே அத சரியா எழுதிருக்காங்கன்னு பாராட்டுச்சு. நூறு வருஷம் முன்னாடி ஒரு அம்மா அவ்ளோ கவனமா எழுதிருக்கறப்ப இப்ப கூகுள் இருக்கற காலத்துல நாம ஏன் அரைகுறையா எழுதணும்னுதான் என் ஆதங்கம்.

இப்ப தமிழ்ல யாருமே நல்லா எழுதறதில்லையா?

எழுதறாங்க, ஆனா படிக்கிற எடம் மாறிடுச்சு. நான் காலேஜ் போறப்ப திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டு கடைல மாசாமாசம் பாக்கெட் நாவல் கயித்துல தொங்கும், ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபான்னு. ராஜேஷ்குமார் 1500 நாவலுக்கு மேல எழுதிருக்கார், அவரோட துப்பறியற விவேக் வந்தா ஒரு அறிவியல் சமாச்சாரம் கூடவே வரும், பிரபாகரோட பரத்-சுசீலா பேசிக்கிறத படிக்கறதுக்காகவே வாங்குவோம். அதுக்கும் முன்னாடி 1968லயே சுஜாதா 'நைலான் கயிறு' குமுதத்துல எழுதுனார், அவரோட வக்கீல் கணேஷ் மொதல்ல வந்தது அதுலதான். அத இப்ப எடுத்துப் படிச்சாலும் வாக்கியம் பழசாகல.

இப்ப அந்த எழுத்து பிரதிலிபி மாதிரி ஆப்புக்கும் கிண்டிலுக்கும் போயிடுச்சு, தெனம் ஒரு அத்தியாயம், கீழ உடனே கமென்ட்டு. வேகம் இருக்கு, பேச்சு இயல்பா இருக்கு, பொண்ணுங்க நெறைய எழுதறாங்க, இதெல்லாம் பெரிய சந்தோஷம். கொறைன்னா ரெண்டு. ஒண்ணு, எடிட்டர் இல்ல, மூணாவது அத்தியாயத்துல செத்தவர் பேரு பன்னெண்டாவதுல மாறி இருக்கு. ரெண்டாவது சட்டம். 2024 ஜூலை 1ல இருந்து இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துடுச்சு, கொலைக்கு தண்டனை 302 கெடையாது, 103. சந்தேக மரணத்துக்கு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல இருந்த 174, புது நடைமுறைச் சட்டத்துல 194. இன்ஸ்பெக்டர் 2025ல நின்னுக்கிட்டு '302ல உள்ள தள்ளிடுவேன்'னு மிரட்டறார். பேச்சு வழக்குல அவரு அப்படியே சொல்லலாம், ஜனங்க வாய்ல அந்த நம்பர் சீக்கிரம் போகாது, ஆனா எஃப்.ஐ.ஆர்.ல அப்படி இருக்காதுல்ல. 7 வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை வர்ற குற்றம்னா தடயவியல் ஆளுங்க சம்பவ எடத்துக்கு வரணும், வீடியோ எடுக்கணும்னு புது சட்டத்துல இருக்கு, அத வெச்சே ஒரு கதைய எப்படி எல்லாம் திருப்பலாம்!

நம்ம கடலூர்-பாண்டிய வெச்சு ஒரு கிரைம் நாவல் எழுதுனா எப்படி இருக்கும்?

இந்தக் கேள்விய பஸ்ல ஒரு டீச்சர் கேட்டாங்க, அரியாங்குப்பம் வரைக்கும் பேசுனேன், அவங்க எறங்க வேண்டிய ஸ்டாப்பே தாண்டிடுச்சு.

வாஸீம் கானோட 'மிட்நைட் அட் மலபார் ஹவுஸ்' 1949 டிசம்பர் 31 ராத்திரி பம்பாய்ல ஆரம்பிக்குது, பெர்சிஸ் வாடியான்னு இந்தியாவோட மொத பெண் இன்ஸ்பெக்டரா கற்பனை பண்ணிருக்கார், 2020ல வந்து, பிரிட்டன்ல கிரைம் எழுத்துக்குக் குடுக்கற டாகர் விருதும் வாங்குச்சு. சுஜாதா மாஸி 1920கள்ல பம்பாய்ல ஒரு பெண் வக்கீல வெச்சு எழுதறாங்க. அபிர் முகர்ஜி 1919 கல்கத்தாவ வெச்சு ஆரம்பிச்சார். மூணுமே படிச்சேன், மூணுலயும் ஊரு நல்லா வருது, வாஸீம் கான் ரொம்பவே புடிச்சது, மாஸில விசாரணைய விட சாப்பாடும் பொடவையும் கொஞ்சம் அதிகம். ஆனா படிக்கறப்ப எல்லாம் மனசுக்குள்ள ஒரே கொறை, பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இருக்கற அளவுக்கு, ஏன் அத விடவும் கூட, நம்மகிட்ட சரக்கு இருக்கே.

மொதல்ல எல்லை. பாண்டி மாவட்டம் ஒரே துண்டா இல்ல, தமிழ்நாட்டுக்கு நடுவுல துண்டு துண்டா கெடக்கு. ஒரு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கடலூர் போலீஸ், அந்தப் பக்கம் செவப்புத் தொப்பி போட்ட பாண்டி போலீஸ். பாடி வாய்க்கால்லயே கெடந்தா? எந்த ஸ்டேஷன்ல வேணா புகார் குடுக்கலாம், ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு மாத்தணும்னு இப்ப சட்டத்துலயே இருக்கு, ஆனா ஃபைலு கைமாறுற அந்த ரெண்டு நாள்ல என்னெல்லாம் காணாமப் போகும்னு யோசிங்க. அங்க சாராயம், பெட்ரோல் வெல வேற, இங்க வேற, செக்போஸ்ட்டுல நிக்கறவர், ராத்திரி டூவீலர்ல போறவர், எல்லாருக்கும் எல்லாரும் தெரியும்.

அடுத்தது சொத்து. பாண்டில 1881ல பிரெஞ்சுக்காரங்க ஒரு ஆணை போட்டாங்க, சொந்த வழக்கச் சட்டத்த விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறிக்கலாம்னு. அப்படி மாறுனவங்கள ரெனோன்சான்னு சொல்வாங்க, அவங்க வாரிசுங்களுக்கு இன்னிக்கும் கல்யாணம், சொத்து எல்லாம் அந்த சட்டப்படிதான். அதுல பெத்த பிள்ளைங்களுக்குன்னு ஒரு பங்கு இருக்கு, உயில் எழுதி கூட அத பறிக்க முடியாது. மிஷன் வீதிப் பக்கம் ஒரு பழைய வீடு, அப்பா பிரெஞ்சு ராணுவத்துல இருந்த சொல்தா, பென்ஷன் பிரான்ஸ்ல இருந்து வருது, ஒரு பையன் பாரிஸ்ல, ஒரு பொண்ணு முதலியார்பேட்டைல, கடைசி காலத்துல அவர பாத்துக்கிட்ட அம்மா கடலூர் முதுநகர்ல இருந்து டெய்லி பஸ்ல வந்து போறவங்க. பெரியவர் செத்துட்டார். யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம், போலீஸ் மொதல்ல யார ஸ்டேஷனுக்குக் கூப்பிடும்? கடைசிக் கேள்விக்கு பதில் உங்களுக்கே தெரியும், அந்த பஸ்ல வர்ற அம்மாவத்தான். நான் எழுதுனா அவங்க ஜன்னல் சீட்டுல உக்காந்து வர்ற காலைல இருந்து ஆரம்பிப்பேன்.

இந்த நாவல கடல் இல்லாம எழுத முடியாது, ஆனா தேவனாம்பட்டினத்துல 2004 டிசம்பர் 26 பாத்தவங்க இன்னும் இருக்காங்க, அத கதைக்கு ஒரு வசதியா மட்டும் யாரும் எடுத்துடக் கூடாது. அங்க போய் உக்காந்து கேட்டுட்டு எழுதணும்.

கடைசிப் பக்கத்த மொதல்ல படிக்கறது தப்பா?

தப்பெல்லாம் இல்ல, உங்க புக்கு. அடுத்தவங்களுக்குச் சொல்றதுதான் தப்பு. ஒரு ஞாயித்துக்கிழமை பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுல தரைல கொட்டி வெச்சிருந்த பழைய புக்குல ரொம்ப நாளா தேடுன ஒண்ணு கெடச்சுது, 40 ரூபா, சந்தோஷமா பீச்சுக்குப் போய் உக்காந்து பிரிச்சா மொதப் பக்கத்துல பென்சில்ல ஒரு பேரு, பக்கத்துல 'இவன்தான்'னு தமிழ்ல. அழிச்சேன், அழிச்சாலும் அமுக்கி எழுதுன தடம் போகல, வெளிச்சத்துல சாச்சா தெரியுது. அந்தப் புக்க இன்னி வரைக்கும் படிக்கல, ஆனா யாருக்கும் குடுக்கவும் இல்ல, குடுத்தா அவங்களுக்கும் அதேதான ஆகும்.

பசங்க படிக்கலாமா?

பத்தாவது தாண்டுனா கிறிஸ்டி தாராளமா குடுக்கலாம். காஸ்பி, ஃபிளின் எல்லாம் காலேஜ் போகட்டும்.

புக்கெல்லாம் எங்க வாங்கறீங்க?

சண்டே மார்க்கெட், கிண்டில், அப்புறம் வருஷா வருஷம் நெய்வேலில என்.எல்.சி. நடத்துற புத்தகக் கண்காட்சி. பாண்டில இருக்கறவங்க ரோமன் ரோலண்ட் நூலகத்துல மெம்பர் ஆகுங்க, 1827ல ஆரம்பிச்ச நூலகம், பழைய தமிழ் நாவல் தேடறவங்களுக்கு அங்க போன நேரம் வீண் போகாது.

புக்கு இரவல் தருவீங்களா அக்கா?

தருவேன். முன்ன எல்லாம் கேட்ட உடனே எடுத்துக் குடுப்பேன், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் கொஞ்சம் கணக்கு வெச்சுக்கறேன். புயலுக்கு ரெண்டு நாள் கழிச்சு சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணைல வந்து அம்மா வீட்டுல முழங்கால் அளவு ஏறிடுச்சு, அங்க கீழ் அலமாரில வெச்சிருந்த 60 புக்கும் ஊறிப் போச்சு. ரெண்டு ரெண்டு பக்கத்துக்கு நடுவுல பேப்பர் வெச்சு, பேன் போட்டு, ஒரு மாசம் காய வெச்சோம், பாதி தேறுச்சு. தேறுனதுலயும் பேப்பர்ல இருந்த எழுத்து பக்கத்துல தலைகீழா ஒட்டிக்கிட்டு இருக்கு, ஒரு கொலை சீனுக்கு மேல அன்னிக்குத் தங்கம் வெல தெரியும். அப்படி இருக்கற புக்குதான் வரும், பரவால்லன்னா எடுத்துக்குங்க.

ரூல்ஸ் ரெண்டுதான். மொதப் பக்கத்துல எதுவும் எழுதக் கூடாது. ஒரு மாசத்துக்குள்ள படிக்க முடியலன்னா சொல்லிடணும். குடுக்கறத எங்க மருந்து ரிஜிஸ்டர் மாதிரியே ஒரு நீள நோட்டுல எழுதி வெக்கறேன், பேரு, தேதி, புக்கு. இப்போதைக்கு வெளிய இருக்கறது 9. அதுல 'மாலிஸ்' மூணு மாசமா ரெட்டிச்சாவடில ஏறுற ஒருத்தங்ககிட்ட இருக்கு, அவங்களுக்கு அடுத்து ரெண்டு பேரு வரிசைல இருக்காங்க, இத படிச்சா திங்கக்கிழமை 8.10 பஸ்ல கொண்டு வந்துடுங்க.